சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்

என் மகள் கல்யாணத்தில் நான் ஏன் மணமேடை ஏறினேன் என்று கிள்ளானில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாப்பிள்ளை மேல் கோபத்தில் ஏறினேன் என்கிறார் ஒருவர். மயக்கத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஏறினேன் என்கிறார் இன்னொருவர். எனக்கு மயக்கமும் இல்லை, கோபமும் இல்லை. எல்லாம் ஒரு பந்தாட்டத்தால் வந்தது. அந்த ஆட்டம் எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் பாதிதான் புரிகிறது. புரிந்த வரைக்கும் எழுதி வைக்கிறேன்.

நான் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் முப்பது வருடம் அடுப்படி என் கையில் இருந்தது. முதலாளிகூட என்னைக் கேட்காமல் ரசத்தில் கரண்டி வைக்க மாட்டார். மகளுக்கு ஏழு வயதாகும்போது அவள் அப்பா தவறிப்போய்விட்டார். அதற்கப்புறம் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் அவளை நர்ஸ் படிக்க வைத்தேன். அவள் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் மெக்சிகோ நாட்டுக்காரர் ஒருவரை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, செய்த பிறகு போன் பண்ணிச் சொன்னாள்.

"கையெழுத்து போட்டா கல்யாணமா? வேலைக்குச் சேரத்தான் கையெழுத்து போடுவாங்க. எனக்குத் தாலி கட்டணும். நம்ம ஆளுங்க முன்னாடி, நல்ல நேரத்துல கட்டணும். அதுவரைக்கும் எனக்கு மாப்பிள்ளைன்னு யாரும் இல்ல" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இரண்டு வருடம் அப்படியே இருந்தேன். அவள் அனுப்பிய படங்களைக்கூடப் பார்க்கவில்லை. சொந்தத்தில் பேச்சு நடந்துகொண்டேதான் இருந்தது. கிள்ளானில் ஒரு சடங்கு வீட்டில் என் அண்ணி, என் காதில் விழட்டும் என்றே, "இவ்ளோ கட்டுப்பாடா வளத்தும் பொண்ணு எங்கேயோ போயி எவனோடயோ இருக்கு" என்றார். நான் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

கடைசியில் மகளும் அவரும் இறங்கி வந்தார்கள். தை மாதத்தில் கிள்ளானில் கோயில் மண்டபம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள். பத்திரிகை அடித்து, ஜெஞ்சாரோம், பூச்சோங், கிள்ளான் என்று வீடு வீடாக நானே போய் வைத்தேன். அண்ணி வீட்டுக்கு முதலில் போனேன். அந்த ஒரு மணி நேரத்துக்குள் தாலி ஏற வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் இருவரும் வந்து இறங்கினார்கள். வெள்ளைக்காரராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நம் ஆள் போலத்தான் மாநிறம், மீசை வேறு. காலில் விழச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் போல. ஏர்போர்ட்டில் இத்தனை பேர் நடுவில் இரண்டு முழங்காலையும் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எந்திரிங்க, எந்திரிங்க" என்று நான்தான் தூக்கிவிட்டேன். "அத்தே" என்றார். அந்த ஒரு சொல்தான் அவருக்குத் தெரிந்த தமிழ். மற்றதெல்லாம் மெதுவான இங்கிலீஷ். கடையில் வெளிநாட்டுக்காரர்களிடம் பேசிப் பேசி எனக்கும் கொஞ்சம் வரும். மீதியை மகள் பார்த்துக்கொள்வாள்.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சோறு சாப்பிட்டார். ஆனால் காலை ஒன்பதரை ஆனால் போதும், வீட்டில் ஆள் இருந்தும் இல்லாத மாதிரி. மகள் தன் கம்ப்யூட்டரை டீவியோடு சேர்த்துக் கொடுப்பாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பந்தாட்டம் பார்ப்பார். வெளியே சுள்ளென்று வெயில், டீவியிலோ இருட்டு வானமும் பெரிய பெரிய விளக்குகளும். ராத்திரி நடந்த ஆட்டத்தை நாடகம் மாதிரி மறுநாள் காலையில் மறுபடி போடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தோசை வைக்கும்போது கேட்டேன். "இது எந்த ஊரு ஆட்டம் மாப்பிள்ளை?"

மெக்சிகோ குழுக்கள் ஆடும் போட்டி என்றார்.

"அப்ப இது மெக்சிகோவா?"

இல்லை, அமெரிக்கா. அவர்கள் இருவரும் குடியிருக்கும் ஊரே. அவர் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் அந்தத் திடல்.

எனக்குப் புரியவில்லை. "ரெண்டு பக்கமும் மெக்சிகோகாரங்கன்னா அவங்க ஊருல ஆட வேண்டியதுதானே? எதுக்கு அடுத்தவங்க நாட்டுல போயி ஆடறாங்க?"

மகள் சிரித்தாள். "அங்க இவங்க ஆளுங்க நெறைய பேர் இருக்காங்கம்மா. வேலைக்கு வந்தவங்க. டிக்கெட் வித்துடும். இந்தியாவுலேருந்து பாட்டுக்காரங்க இங்க வந்து மேடை போடறாங்களே, அது மாதிரி."

அது புரிந்தது. "சரி, ஜெயிச்சா கப்பு குடுப்பாங்களா?"

கப்பு கிடையாதாம். கடைசி ஆட்டம்கூட ஒன்று இல்லை, இரண்டு இருக்கிறதாம். அதில் ஜெயிக்கும் இரண்டு குழுவுக்கும் தென் அமெரிக்காவில் நடக்கும் பெரிய போட்டியில் இடம் கிடைக்குமாம். மெக்சிகோ தென் அமெரிக்காவில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். விருந்தாளியாகக் கூப்பிடுகிறார்களாம்.

"விருந்துக்குப் போறதுக்கு முன்னாடி யாரு போறதுன்னு இவங்களுக்குள்ள அடிச்சுக்கணுமா? அதையும் மூணாவது வீட்டுல போயி அடிச்சுக்கணுமா?"

மகள் இதை இங்கிலீஷில் சொன்னாள். மாப்பிள்ளை கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்தார். பிறகு, "எஸ் அத்தே" என்றார்.

அவர் ஏன் இப்படி நுனியில் உட்காருகிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு குழுவில் அவர் தம்பி கோல்கீப்பராம். அப்பா இல்லாத வீடு. அம்மா வீட்டு வேலைக்குப் போனபோது தம்பியைத் தூக்கி வளர்த்தது இவர். தம்பி இரண்டு வருடமாக பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். பெரிய கோல்கீப்பருக்கு விரல் உடைந்ததால் இந்தப் போட்டியில் இவனை இறக்கியிருக்கிறார்கள். நன்றாக ஆடினால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். மெக்சிகோவில் இருக்கும் அவர்கள் அம்மாவுக்குச் சிறுநீரகம் போய், வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதனால்தான் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அந்த அம்மா மகன் ஆடும் ஆட்டத்தைப் பயத்தில் பார்க்கவே மாட்டாராம். முடிந்ததும் இவர் போன் பண்ணிச் சொல்வாராம்.

அந்தக் குழு சீக்கிரமே தோற்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். தோற்கவில்லை. புதன்கிழமை காலை மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் மேல் மாடிச் சீன அம்மா எட்டிப் பார்த்தார். கடைசி ஆட்டத்துக்குப் போய்விட்டார்களாம்.

"கடைசி ஆட்டம் என்னைக்கு?" என்றேன்.

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "சனிக்கிழமை ராத்திரிம்மா. ஏழரைக்கு."

"நல்லதாப் போச்சு. மறுநாள்தானே கல்யாணம். உக்காந்து நல்லா பாக்கட்டும்."

மகள் கம்ப்யூட்டரை மூடி வைத்தாள். அன்றிலிருந்து மாப்பிள்ளை பச்சை மிளகாயைத் தொடவில்லை. தம்பியை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையிலிருந்து எனக்கு ஒழிச்சல் இல்லை. ஆனாலும் சாயந்திரம் உளுந்து ஆட்டி வடை சுட்டேன். நாற்காலிகளை டீவி பக்கம் திருப்பிப் போட்டேன். சாமி விளக்கில் அவர் தம்பிக்காக ஒரு திரி கூடுதலாகப் போட்டேன். ஜெஞ்சாரோமிலிருந்து என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்திருந்தார். அவரையும் உட்கார வைத்தேன். சரியாக ஏழரைக்கு, "மாப்பிள்ளை, வாங்க வாங்க, ஆரம்பிச்சுடப் போகுது" என்றேன்.

வந்து உட்கார்ந்தார். டீவியில் மலாய்ச் செய்தி ஓடியது.

"மாத்தும்மா" என்றேன். மகள் மாற்றவில்லை.

"அம்மா, கோவப்படாதே. அங்க சனிக்கிழமை ராத்திரின்னா இங்க ஞாயித்துக்கிழமை காலை."

"என்ன சொல்றே?"

"அங்க ஏழரைன்னா இங்க மறுநாள் காலைல ஒம்போதரை."

ஜெஞ்சாரோம் அக்கா வடையை வாயில் வைத்தபடி, "அலாமாக்! நேத்து நடக்கிறது நாளைக்கு நடக்குதா?" என்றார்.

"அப்ப இத்தனை நாள் காலைல பாத்ததெல்லாம்?"

"அப்பவே நடந்ததும்மா. நீ பழசுன்னு நெனச்சுக்கிட்டே. சொன்னா டென்ஷன் ஆவியேன்னு..."

கைவிரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். ஒன்பதரைக்கு ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம், நடுவில் இடைவேளை. பதினொன்றே காலுக்கு மேல் ஆகிவிடும். முகூர்த்தம் முழுக்க ஆட்டம்.

"ரெண்டு பேரும் சேந்து என்னை ஒரு கோமாளி மாதிரி வடை சுட வச்சிருக்கீங்க" என்றேன். ஐயருக்கு போன் பண்ணினேன். "ஒம்போதுக்குள்ள முடிச்சுடலாமா சாமி?" என்று கேட்டேன். "ஏம்மா, பத்திரிகைல போட்டாச்சு, எல்லாரும் பத்து மணிக்குத்தான் வருவாங்க, அதுக்கு முன்னாடி நேரமும் சரியில்லையே. என்ன விஷயம்?" என்றார். பந்தாட்டம் என்று எப்படிச் சொல்வது? "சும்மா கேட்டேன் சாமி" என்று வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை எழுந்து வந்து தன் கைப்பேசியை என் கையில் வைத்தார். மகள் தமிழில் சொன்னாள்: "அவர் கையில இருந்தா பாத்துடுவாராம். நாளைக்கு முடியற வரைக்கும் நீயே வச்சுக்கச் சொல்றாரு. தாலி நேரத்துக்குக் கட்டிடுவாராம்."

கை நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்கு. முதல் நாள் அடுப்பு முன் நிற்கும் சமையல்காரன் கை அப்படித்தான் இருக்கும். இந்தக் கையா தாலி கட்டப் போகிறது என்று எனக்குப் பயமாகிவிட்டது.

காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்குப் போகும்போது காரிலேயே மகளிடம் கேட்டேன். "அதுல எப்படிப் பாக்குறதுன்னு சொல்லிக் குடு."

"எதுக்கும்மா?"

"நான் பாக்குறேன். அவருக்கு ஜாடை சொல்றேன். தெரியாம தவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு, தெரிஞ்சுக்கிட்டு உக்காரட்டும்."

மகள் முகத்தில் பூசியிருந்தது கலையாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டை நம் பக்கம், பச்சை எதிர்ப்பக்கம், ஆரஞ்சுச் சட்டை போட்டுக் கையுறை மாட்டியவன் தம்பி. ஜெயித்தால் நான் முந்தானையை எடுத்துத் தோளில் போர்த்திக்கொள்ள வேண்டும். தோற்றால் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். மகள் இதை மாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டாள்.

நான் நிற்பதற்கு இடம் ஏற்கெனவே தேர்ந்து வைத்திருந்தேன். சமையல்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு தூண். தாரை வார்க்க என் அண்ணனும் அண்ணியும் மேடையில் இருப்பார்கள். புருஷன் இல்லாதவள் மேடையில் நிற்பது எங்கள் பக்கத்தில் பழக்கமில்லை. மகள் அதற்கு ஒரு வாரம் சண்டை போட்டாள். "நீதானே என்னை வளத்தே, நீதான் நிக்கணும்" என்றாள். "எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும். யாரும் என்னை எறங்குன்னு சொல்ற மாதிரி நான் ஏற மாட்டேன்" என்றேன். அதோடு விட்டாள்.

அன்றைக்குப் பார்த்து எல்லாம் தாமதம். வழியில் ஒரு லோரி படுத்துக் கிடந்து, மாலைக்காரர் வண்டி மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளைக்கு வேட்டி இரண்டு தடவை அவிழ்ந்தது. மந்திரத்தை ஐயர் ஒரு வரி சொல்ல, இவர் அதைச் சொல்லி முடிக்க ஒரு யுகம் ஆனது. நான் தூண் ஓரமாக ஒரு கண் மேடையில், ஒரு கண் கைப்பேசியில் என்று நின்றேன்.

முதலில் பச்சைச் சட்டை ஒரு கோல் போட்டான். ஆரஞ்சுச் சட்டை புல்லில் விழுந்து கிடந்தான். மாப்பிள்ளை புகைக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தேன்.

ஜெஞ்சாரோம் அக்கா வந்து பக்கத்தில் நின்றார். "என்னடி, மக கல்யாணத்துல போன நோண்டிக்கிட்டு நிக்கிறே?"

"சம்பந்தி வீட்டு ஆட்டம்க்கா."

"ஓ, அந்த நேத்து ஆட்டமா? எது நம்ம பக்கம்?"

"வெள்ளை. அந்த ஆரஞ்சு, மாப்பிள்ளை தம்பி."

"அவன் மட்டும் ஏன் வேற சட்டை? அவன் அம்பயர் இல்லையா?"

"கையுறை போட்டிருக்கான் பாருங்க."

"நம்ம மீன் கடைக்காரனும்தான் போடறான்" என்றார் அக்கா. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு பெரிய குழப்பம். இடது பக்கக் கம்பத்தில் ஆரஞ்சுச் சட்டையைக் காணோம், அங்கே கறுப்புச் சட்டைக்காரன் நிற்கிறான். தம்பியை அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டேன். கால் மணி நேரம் அந்தக் கறுப்புச் சட்டைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் பக்கம் பந்து போய், கோல் விழுந்து, வெள்ளைச் சட்டைக்காரர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தபோதுதான் அக்கா சொன்னார்: "அடியே, பக்கம் மாத்திக்கிட்டாங்கடி. உன் ஆளு அந்தக் கோடியில நிக்கிறான்." அக்கா வீட்டுக்காரர் தோட்டத்தில் பந்து ஆடியவர். அதனால் அக்காவுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

ஒன்றுக்கு ஒன்று. மேடையில் தாலித் தட்டைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். மணி பதினொன்று இருபது. ஆட்டம் முடிந்துவிட்டது, ஆனால் முடியவில்லை. ஆளுக்கு ஒரு உதை உதைக்க வேண்டும் என்றார் அக்கா. இப்போது இரண்டு கோல்கீப்பர்களும் ஒரே கம்பத்தில் மாறி மாறி நின்றார்கள். வலைக்குள் பந்து போனால் நல்லதா கெட்டதா என்று ஒவ்வொரு தடவையும் அக்காவைக் கேட்க வேண்டியிருந்தது.

"இப்ப நல்லது. இரு, இரு, இப்ப கெட்டது. புடிச்சுட்டான்! ஆரஞ்சு புடிச்சுட்டான்டி!"

தட்டு மேடைக்குத் திரும்பிவிட்டது. மணி பதினொன்று இருபத்தைந்து. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கையில் அட்சதையோடு எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை தாலியை இரண்டு கையிலும் பிடித்தபடி என்னைப் பார்க்கிறார். கட்டவில்லை.

"கட்டுங்க, கட்டுங்க" என்கிறார் ஐயர். அண்ணன் கட்டச் சொல்லிக் கை காட்டுகிறார். மகள் தலை குனிந்தபடி காத்திருக்கிறாள். அவர் கழுத்தைத் திருப்பாமல் என் முந்தானையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணி முகத்தில் ஒரு மாதிரியான சந்தோஷம் வருவது எனக்குத் தூணிலிருந்தே தெரிந்தது.

கடைசி உதைக்கு ஒரு பச்சைச் சட்டை பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். அந்த நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. ஆட்டம் போய்விட்டது. திரை முழுக்க மாப்பிள்ளை அம்மாவின் படம்.

பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டேன். வேறு என்ன செய்வது? அந்த அம்மா நேராக வந்துவிட்டார். நரைத்த தலை, கழுத்தில் ஒரு சிலுவை, கண் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் படபடவென்று ஏதோ சொன்னார். சொன்னதையே மறுபடி மறுபடி சொன்னார். மேளச் சத்தத்தில் அது காதில் விழவும் இல்லை, விழுந்தாலும் எனக்குத் தெரிந்த பாஷையும் இல்லை.

ஜெயித்ததா தோற்றதா தெரியாது. முந்தானையைப் போர்த்துவதா செருகுவதா தெரியாது. மண்டபத்துக் கடிகாரம் மட்டும் தெரிந்தது. இருபத்தேழு.

நான் நடந்தேன். எப்படி நடந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அட்சதையோடு நின்றவர்கள் வழி விட்டார்கள். மூன்று படி ஏறி, ஹோமத்துக்கு இந்தப் பக்கம் நின்று, கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். "மாப்பிள்ளை, உங்க அம்மா! கட்டுங்க!" என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா ஒரே ஒரு சொல் கத்தினார். இவர் குனிந்து கட்டினார். மூன்று முடிச்சும் அவரே போட்டார், ஒரு முடிச்சில்கூடக் கை நடுங்கவில்லை. அட்சதை என் தலையிலும் விழுந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கைப்பேசியைத் திருப்பி, சிரித்த முகத்தோடே அந்த அம்மாவைப் பார்த்தேன். அவரும் பெரிதாகச் சிரித்தார். அவர் பின்னாலிருந்து நாலைந்து பெண்கள் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

அண்ணி என் பக்கம் குனிந்தார். "நீ ஏன் மேல வந்தே?"

"சம்பந்தியம்மாவுக்குக் காட்ட."

"கீழேருந்து காட்டக் கூடாதா?"

"தெரியல அண்ணி" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. இறங்கித் தூணுக்குப் போனேன்.

திரையில் ஆட்டம் திரும்பி வந்திருந்தது. பச்சைச் சட்டைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை கம்பத்தடியில் உட்கார்ந்து, கையுறையோடு தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தோத்துட்டானா?" என்றார் அக்கா.

"தோத்த மாதிரிதான் இருக்கு."

"அப்ப அந்தம்மா ஏன் சிரிச்சாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா ஆட்டம் பார்க்க மாட்டார். முடிவைத் தெரிந்துகொள்ளத்தான் மகனைக் கூப்பிட்டிருப்பார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, சின்ன மகன் ஜெயித்துவிட்டான் என்று நினைத்திருப்பார். தெருவெல்லாம் சொல்லியிருப்பார். தாலி ஏறிய சந்தோஷம் எனக்கு ஐந்து நிமிடம்கூட முழுதாக நிற்கவில்லை.

பந்தி போட்டார்கள். மாப்பிள்ளை, பொண்ணு இலையில் நானே பரிமாறினேன். பாயசத்தை ஊற்றிவிட்டு கைப்பேசியை அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பார்த்ததிலேயே தெரிந்துகொண்டார்.

நான் மகளிடம் சொன்னேன். "அவங்க அம்மா ஜெயிச்சதா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. என் தப்புதான். நான்தான் சொல்லணும். இப்பவே கூப்பிடச் சொல்லு."

"அங்க ராத்திரிம்மா. தூங்கட்டும், காலைல சொல்லிக்கலாம்கறாரு."

"உப்பு கூடிப்போச்சுன்னா மேசைக்கே போயி சொல்லிட்டு வந்தவ நான். அடுத்தவங்க வாயால சொல்ல விட்டதில்ல. கூப்பிடு."

கூப்பிட்டார்கள். அந்த அம்மா தூங்கவில்லை, உடனே வந்தார். நான் தமிழில் சொன்னேன், மகள் இங்கிலீஷில் சொன்னாள், மாப்பிள்ளை அவர்கள் பாஷையில் சொன்னார். நான் சிரித்தது தாலிக்காக, ஆட்டத்துக்காக இல்லை, உங்கள் சின்ன மகன் தோற்றுவிட்டான், மன்னிக்க வேண்டும் என்றேன்.

அந்த அம்மா பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் அழுதார், நடுவில் சிரித்தார். மாப்பிள்ளை கேட்கக் கேட்க இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் மகளிடம் சொல்ல, மகள் எனக்குச் சொன்னாள்.

"அம்மா, கூப்பிடும்போதே அவங்களுக்குத் தெரியுமாம். தெருவே டீவி பாத்துச்சாம், முடிஞ்சதும் ஒரு சத்தமும் இல்லையாம். ஜெயிச்சிருந்தா வெடி போட்டிருப்பாங்களாம்."

"எப்படி? நான் பாக்குறப்ப கடைசி உதை இன்னும் ஒதைக்கலையே!"

"போன்ல கொஞ்சம் லேட்டா வரும்மா. டீவில அப்பவே முடிஞ்சுடுச்சு."

அங்கே சனி, இங்கே ஞாயிறு, அந்தக் கைப்பேசிக்குள் இன்னும் ஒரு நிமிடம் பின்னால். நான் நெற்றியில் கை வைத்துக்கொண்டேன். "அப்ப எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"இவர் முடிவு தெரியற வரைக்கும் கட்டாம நிப்பாருன்னு அவங்களுக்குத் தெரியுமாம். நல்ல நேரத்துக்குள்ள கட்டணும்னு நீ சொன்னதை இவர் சொல்லியிருக்காரு. அதான், 'ஆட்டம் முடிஞ்சுது, நிக்காதே, கட்டு'ன்னு சொல்லக் கூப்பிட்டாங்களாம்."

நான் கைப்பேசியைப் பார்த்தேன். அந்த அம்மா அதற்குள் நெருங்கி உட்கார்ந்து, விரலால் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி ஏதோ கேட்டார்.

"நேரத்துக்குள்ள கட்டியாச்சான்னு கேக்குறாங்க" என்றாள் மகள்.

அந்தத் தம்பியை இனி வைத்துக்கொள்வார்களா அனுப்பிவிடுவார்களா என்று கேட்க நினைத்தேன். அந்த அம்மா முகத்தைப் பார்த்துக் கேட்க மனம் வரவில்லை. பெற்றவள் ஒருத்தி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"மூணு நிமிஷம் பாக்கி இருந்துச்சுன்னு சொல்லு."

மகள் மாப்பிள்ளைக்குச் சொன்னாள். மாப்பிள்ளை அம்மாவுக்குச் சொன்னார். அந்தச் சொல் மூன்று பாஷை தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் இலையில் ஊற்றிய பாயசம் ஆறிவிட்டது.